நடுத்தர விலைப் புகையடுப்பும் மைத்துனருக்கு ஒரு மறுமதிப்பீடும்

பிளம் ஹாலோ, டெக்சஸ்
செப்டம்பர் 4, புதன்கிழமை

மிகுந்த மரியாதைக்குரிய மைத்துனர் திரு. வெர்னன் ஹ்ருஸ்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எல்ராய் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் இருபத்திரண்டு பசுக்களும் தங்கள் இடது முழங்காலும் சுகமாக இருக்க ஆண்டவர் அருள்வாராக. இங்கே எங்கள் இருவருக்கும் ரத்த அழுத்தத்தைத் தவிர வேறு குறை எதுவும் இல்லை. இந்தப் பக்கம் மழை பெய்து ஐம்பது நாளாகிறது. தங்கள் குளத்தில் மட்டும் இன்னும் தண்ணீர் கிடப்பதாகத் தீவனக் கடையில் பேசிக்கொண்டார்கள், கேட்டுச் சந்தோஷப்பட்டேன். இரண்டு வருடமாகத் தங்களைப் பற்றிய சேதியெல்லாம் எனக்குத் தீவனக் கடையில்தான் கிடைக்கிறது.

கடிதம் எழுதும் காரணத்துக்கு வருகிறேன். வருகிற இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை டார்லீனுக்கு அறுபது வயது நிறைகிறது. என்ன வேண்டும் கேள் என்றேன். மோதிரமா, நாலு நாள் கடற்கரையா, பாத்திரம் கழுவ புது மிஷினா, எதுவானாலும் சரி என்றேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "எங்க அண்ணன் வரணும்" என்றாள். வேறு ஏதாவது சொல்லேன் என்றேன். "வேற ஒண்ணும் வேணாம். கறி வறண்டு போச்சுன்னு சொன்னது நீ. கடுதாசி எழுதுறதும் நீயே எழுது" என்றாள். போன் செய்யலாம் என்றால் என் எண்ணைப் பார்த்ததும் தாங்கள் எடுப்பதில்லை. வேறு எண்ணிலிருந்து செய்தால் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். ஆகவேதான் இந்தக் கடிதம்.

நடந்ததை ஒரு முறை வரிசையாக எழுதிவிடுகிறேன். என் தொழிலில் முதலில் சம்பவம், பிறகுதான் சேதம். முப்பத்தோரு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக ஆலங்கட்டி விழுந்த கூரைகளில் ஏறி இறங்கி, இது புதுச் சேதம், இது பழைய சேதம், இதற்குக் காப்பீடு கிடையாது என்று எழுதிய கை இது. மே மாதம் ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் செப்டம்பரில், தொழிலாளர் தின விடுமுறையில் தங்கள் வீட்டுக் கொல்லையில் வழக்கமான குடும்பச் சாப்பாடு. உருளைக்கிழங்கு சாலட் செய்ய ஒத்தாசைக்கு என்று டார்லீன் முதல் நாளே தங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் எப்போதும்போல் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக ஒரு மணிக்கு வந்து சேர்ந்தேன். நீள மேசையில் முப்பது பேர். தாங்கள் புகையில் வெந்த மாட்டு நெஞ்சுக்கறியை நறுக்கிப் பரிமாறி முடித்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ பேருரை ஆற்றப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமினீர்கள். தாங்கள் பேச ஆரம்பித்தால் கறி ஆறிப்போகும் என்பது எனக்குத் தெரியும். என் வாயில் அப்போது ஒரு துண்டு இருந்தது. நான் முந்திக்கொண்டு, "வெர்னன், இந்த வருஷம் கொஞ்சம் வறண்டு போச்சு, சாஸ் இருக்கா?" என்றேன்.

நம் ஊரில் நெஞ்சுக்கறிக்குச் சாஸ் கேட்பது வைத்தவரை முகத்துக்கு நேரே குறை சொல்வது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாதா கோவில் பிக்னிக்கில் சாஸ் கேட்டவர்களுக்கு அடுத்த வருடம் அழைப்பு போவதில்லை. வாய் தவறிவிட்டது. ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டீர்கள். மேசையில் ஒருவரும் மெல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டார்லீனும் சாலட் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அண்ணன்மேல் இவ்வளவு பாசமா என்று நான் நினைத்துக்கொண்டேன். இருபது மைல் திரும்பி வந்து எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும்தான் வாய் திறந்தாள். "அவ்வளவு தெரிஞ்சவன், நீயே ஒரு தடவை வெச்சுப் பாரேன்" என்றாள். அதைத்தான் இந்த வருடம் ஓய்வு பெற்றதும் செய்யக் கிளம்பினேன். அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம்.

முதலில் புகையடுப்பு வாங்க வேண்டும். தங்களுக்கென்ன, பழைய எண்ணெய்க் குழாயை வெட்டி, கையாலேயே வெல்டிங் செய்து, ட்ரெய்லரில் ஏற்றி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு வெல்டிங் வராது. ரொம்ப மலிவாக ஒன்று வாங்கினால் எல்ராய் கஞ்சன் என்பார்கள். ரொம்ப விலை கொடுத்து வாங்கினால், ஒன்றும் தெரியாதவன்தான் இவ்வளவு கொடுப்பான் என்பார்கள். ஆகவே நடுத்தர விலை என்று முடிவு செய்துகொண்டு இரும்புக்கடை கிளெட்டஸிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எல்ராய், முதல்ல ஒண்ணு சொல்லு. உனக்குச் சமைக்கணுமா, இல்ல சமைக்கிற ஆளு மாதிரி இருக்கணுமா?" என்று கேட்டார். ரெண்டும்தான் என்றேன். "அப்ப நடு விலைதான்" என்று பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே முதலில் பார்த்தது மின்சாரத்தில் ஓடும் அடுப்பு. மரத்தூளை இறுக்கி மாத்திரை மாதிரி செய்து பை பையாக விற்கிறார்கள், அதை ஒரு பெட்டியில் கொட்டிவிட்டு, ஒயரைச் சுவரில் செருகிவிட்டு, எவ்வளவு சூடு வேண்டும் என்று போனில் சொல்லிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். எனக்கு மனசு நிறைந்துவிட்டது, வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கொல்லையில் வைத்து ஒயரைச் செருகினேனா, உடனே அது எங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டைக் கேட்டது. கொடுத்தேன். புதுப்பித்துக்கொள்கிறேன், அணைக்காதே என்றது. நாற்பது நிமிடம் அணைக்காமல் அதன் எதிரில் நின்றேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆல்டன் வேலிக்கு மேல் தலையை நீட்டினான். "என்னது எல்ராய், அடுப்புக்கு ப்ளக்கா?" என்றான். ஆமாம், புது மாதிரி என்றேன். "கரண்ட் போச்சுன்னா கறி என்ன பண்ணும், உக்காந்து ஜெபம் பண்ணுமா?" என்றான். அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியில் இறங்குகிறேன், நாலு பேர் வரிசையாக நின்று, "எல்ராய், அடுப்பு சார்ஜ் ஏறிடுச்சா?" என்று விசாரிக்கிறார்கள். திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே அதைத் திருப்பிக் கொண்டுபோய் வாசலில் நின்றேன்.

அடுத்து முட்டை வடிவத்தில் ஒரு பீங்கான் அடுப்பு காட்டினார். நடுத்தர விலைக்குக் கொஞ்சம் மேலே, தூக்க இரண்டு ஆள் வேண்டும், சூட்டை நாள் முழுக்கப் பிடித்து வைக்குமாம். பெரிய ஆலங்கட்டி விழுந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். கிளெட்டஸ் இருபத்தைந்து வருட வியாபாரத்தில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை என்றார். நான் அதை மூன்று முறை கேட்டேன். பிறகு நிமிர்ந்து நிற்கும் துப்பாக்கிக் குண்டு வடிவ அடுப்பு ஒன்று, உள்ளே தண்ணீர்த் தட்டோடு. விலை பிரமாதம். ஆனால் முழு நெஞ்சுக்கறியும் அதில் நீட்டிப் படுக்காது, மடித்துத்தான் வைக்க வேண்டும். "மடிச்சு வெக்கிறதுக்கு அது என்ன சட்டையா?" என்று கடைக்கு ஆணி வாங்க வந்த ஒருவர் பின்னாலிருந்து சொன்னார். அதையும் விட்டேன்.

கடைசியில் நம் ஊர்க்காரன் வைத்துக்கொள்ளக்கூடிய அடுப்புக்கே வந்து சேர்ந்தேன். படுத்த பீப்பாய், ஒரு பக்கம் நெருப்புப் பெட்டி, மறுபக்கம் புகைபோக்கி, மெயின் பீப்பாயில் கறி. மலிவு விலையில் மெல்லிய தகடு, அதிக விலையில் கனத்த தகடு, நடுத்தர விலையில் நடுத்தரத் தகடு. விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் வாங்கும் முன் விரல் முட்டியால் தகட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். நானும் தட்டினேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை, இருந்தாலும் தலையை ஆட்டினேன். கிளெட்டஸும் ஆட்டினார். எண்ணூற்றுச் சொச்சம் டாலர் என்று விலை சொன்னார், அதற்கும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்து பூட்டி முடித்தபோது ஒரு போல்ட்டும் இரண்டு வாஷரும் மிச்சம் இருந்தன. கதவு மூடினாலும் ஓரத்தில் ஒரு விரல் நுழைகிற சந்து. டார்லீன் வந்து சுற்றிப் பார்த்தாள். கதவை இரண்டு தடவை திறந்து மூடினாள். "அடுப்பு பரவால்ல. சந்துல சூடு தாங்குற அடுப்புக் கயிறு ஒட்டிடு" என்றாள். எனக்கே தெரியாத விஷயம், இவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அண்ணன் வீட்ல நின்னுக்கிட்டிருக்கிறப்ப பார்த்தது" என்று உள்ளே போய்விட்டாள்.

கறி வைக்கும் முன் வெறும் அடுப்பை ஒரு முறை எண்ணெய் தடவி எரித்து எடுக்க வேண்டும் என்று அடுப்போடு வந்த தாளில் போட்டிருந்தது. ஆல்டன் தன் வேலியோரச் சீமைக்கருவேலத்தைப் போன வாரம்தான் கழித்துப் போட்டிருந்தான், சும்மா கிடக்கிறதே என்று அதை வாரிக்கொண்டு வந்து போட்டேன். பச்சை விறகு, மச்சான். பற்றவே மாட்டேன் என்றது, ஊதினேன், பெட்ரோல் கடை ரசீதையெல்லாம் கிழித்துப் போட்டேன், கடைசியில் புகை வந்தது பாருங்க, சந்துல, புகைபோக்கில, போல்ட் போடாத ஓட்டைல, எல்லாத்துலயும் வந்தது. எதிர்வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியலை. மழையில்லாததால் கவுண்டி முழுக்க வெளியே எதையும் எரிக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிறார்களே, யாரோ போன் பண்ணிவிட்டார்கள். ஆல்டன்தான் என்று நினைக்கிறேன், அவன் மனைவி அன்று படுக்கை விரிப்பெல்லாம் துவைத்துக் காயப்போட்டிருந்தாள்.

பத்து நிமிடத்தில் தன்னார்வத் தீயணைப்புப் படை வண்டி வந்து நின்றது. ஆறு பேர், ஹெல்மெட், பூட்ஸ், குழாய் எல்லாத்தோடயும் கொல்லைக்கு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் புகையடுப்பைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டே ஒருத்தர் தகட்டைத் தட்டிப் பார்க்கிறார். "எங்க வாங்கினது?" "கிளெட்டஸ் கடையில." "எவ்வளவு?" சொன்னேன். "ம், நடுத்தரம்." இன்னொருவர் நெருப்புப் பெட்டியைத் திறந்து பார்த்து, "யாருய்யா இது, கருவேலத்தைப் பச்சையா போட்டது?" என்கிறார். "ஓக்கு போடணும், ஒரு வருஷம் காஞ்ச ஓக்கு." "வெள்ளைப் புகை வந்தா கறி கசக்கும். புகை நீலமா, இருக்குதா இல்லையான்னு சந்தேகப்படுற மாதிரி வரணும்." ஒருத்தர் காற்றுத் துவாரத்தை மூடுகிறார், அடுத்தவர் திறக்கிறார், இரண்டு பேருக்கும் வாக்குவாதம், கேப்டன் வந்து பாதி மூடச் சொல்லித் தீர்த்து வைக்கிறார். இரண்டு மணி நேரம் இருந்தார்கள். நெருப்பைச் சரியாக எரிய வைத்துக் காட்டிவிட்டு, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று அதை அணைத்தும் விட்டு, எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த சாசேஜ் மொத்தத்தையும் தின்றுவிட்டு, அடுப்புக்குள் எரித்தால் தடை கிடையாது, மூடி வைத்துக்கொண்டு எரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அறிக்கைப் புத்தகத்தில் தீயின் காரணம் என்ற இடத்தில் 'அனுபவமின்மை' என்று எழுதியிருந்தார்கள். அதை மாற்றி 'ஈர விறகு' என்று எழுதும்படி கேட்டேன். நானும் அறிக்கை எழுதியவன், ஒரு வார்த்தையால் என்னென்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். கேப்டன் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "எல்ராய், என் அம்மா வீட்டுக் கூரை உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். பழைய சேதம் என்று நான் தள்ளிய கூரை அது; மேற்கொண்டு வற்புறுத்தவில்லை.

இதெல்லாம் ஒத்திகை. உண்மையான பரீட்சை போன சனிக்கிழமை. பன்னிரண்டு பவுண்டு நெஞ்சுக்கறி, காய்ந்த ஓக், காலை ஐந்து மணிக்கே நெருப்பு. டார்லீன் காபியோடு வந்தாள். நான் கொழுப்பைச் சுத்தமாக வழித்துக்கொண்டிருந்தேன். "அவ்வளவு வழிக்காத. கால் இன்ச் விடு, அதுதான் கறியக் காப்பாத்தும்" என்றாள். கொழுப்பு உனக்கும் எனக்கும் ஆகாது என்று டாக்டர் சொன்னாரே என்றேன். தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டாள். காலை முழுவதும் எல்லாம் அழகாகத்தான் போனது. கறியில் சொருகிய தெர்மாமீட்டர் ஃபாரன்ஹீட்டில் நூறு, நூற்றிருபது, நூற்றைம்பது என்று ஏறிக்கொண்டே வந்தது. பதினோரு மணிக்கு நூற்றறுபது. பன்னிரண்டு மணிக்கும் நூற்றறுபது. ஒரு மணிக்கும் நூற்றறுபது. இருநூறு தாண்டினால்தானே வெந்தது என்று அர்த்தம்? சரி, தெர்மாமீட்டர் போய்விட்டது என்று கிளெட்டஸ் கடைக்கு ஓடிப் போய் இன்னொன்று வாங்கி வந்து சொருகினேன். அதுவும் நூற்றறுபது. மறுபடி ஓடி இன்னும் விலை கூடியது ஒன்று. அதுவும் நூற்றறுபதுதான். மூன்று சாட்சி ஒரே மாதிரி சொன்னால் சந்தேகப்படணும் என்பது என் தொழில் புத்தி.

டார்லீன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வெளியே வந்தாள். "அது வேர்க்குது, எல்ராய். வேர்வை ஆறுறப்ப சூடு ஏறாது. மூணு மணி நேரம், நாலு மணி நேரம் அப்படியேதான் நிக்கும். கறிக்கடைத் தாள் இருக்குல்ல, அதச் சுத்தி வெச்சிட்டு, மூடிய மூடிட்டு, நாற்காலியப் போட்டு உக்காரு."

"மாடு செத்து ஒரு வாரமாச்சு, இன்னும் எப்படி வேர்க்கும்?"

"நான் சொல்றதச் சொல்லிட்டேன்."

"உனக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பக்கமா நின்னு பார்த்திருக்கேன்" என்றாள். "மூடியத் தொறக்காத."

நான் திறந்தேன். பதினோரு தடவை திறந்தேன். திறக்கத் திறக்கச் சூடு இறங்குகிறதே என்று விறகை அள்ளிப் போட்டேன். இரண்டரை மணிக்கு அடுப்பு முந்நூற்றைம்பதைத் தொட்டது, நூற்றறுபது கிடுகிடுவென்று ஏறி இருநூற்றிருபதுக்குப் போய்விட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், மச்சான், அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. வெளியே எடுத்தேன். "ஒரு மணி நேரம் ஆறட்டும்" என்றாள். பசிக்கிறது என்றேன். நறுக்கினேன். "நாருக்குக் குறுக்க நறுக்கு" என்றாள். அதற்குள் நீளவாக்கில் பாதி நறுக்கியாகிவிட்டது.

இரண்டு பேரும் கொல்லை மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். டார்லீன் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். ஐஸ் டீ குடித்தாள். மறுபடியும் மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெல்ல எழுந்து உள்ளே போய், ஃப்ரிட்ஜைத் திறந்து, சாஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்து, என் தட்டுக்கும் அவள் தட்டுக்கும் நடுவில் வைத்தாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் நெஞ்சுக்கறிக்குச் சாஸ் எடுத்து நான் பார்த்ததில்லை. அது என் வீட்டில் எப்போதிலிருந்து இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. நான் ஊற்றிக்கொண்டேன். அவளும் ஊற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது, வெயிலாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அன்றைய கறி குறித்த என் மதிப்பீடு: முழு இழப்பு.

ஆகவே இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்றைக்கு நான் சொன்னது உண்மை. தொழிலாளர் தினத்துக் கறி கொஞ்சம் வறண்டுதான் இருந்தது, அதிலிருந்து நான் பின்வாங்க மாட்டேன். பத்து மணி நேரம் நெருப்பின் முன் நிற்பது என்றால் என்ன என்று தெரியாமல் சொன்னேன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இதை மறுமதிப்பீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மதிப்பீட்டில் சேதம் முழுவதையும் தங்கள் பேரில் எழுதியிருந்தேன். இப்போது பாதியை என் வாயின் பேரில் மாற்றி எழுதுகிறேன். என் தொழில் வாழ்க்கையில் யாருக்கும் பாதி கொடுத்ததில்லை.

இருபத்தொன்றாம் தேதி தாங்கள் வர வேண்டும். தங்களைச் சமைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, எனக்கும் ரோஷம் உண்டு. ஆனால் வருகிற வழியில் தங்கள் ட்ரெய்லர் தானாகவே தங்கள் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு வந்துவிட்டால், பெக்கன் மரத்தின் கீழே பதினாறடி இடம் காலியாக இருக்கிறது, நேற்றுத்தான் அளந்து பார்த்தேன். என் அடுப்பை அதற்காக நகர்த்திவிட்டேன். தங்கள் முகத்தைப் பார்த்தால் டார்லீன் சந்தோஷப்படுவாள். அவள் சந்தோஷப்பட்டால் எனக்கும் சாப்பாடு இறங்கும். ஆண்டவர் தங்கள் முழங்காலுக்குப் பலமும், பசுக்களுக்குப் பாலும், நம் எல்லாருக்கும் ஒரு நல்ல மழையும் தருவாராக. வேண்டியவர்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள் அன்புள்ள,
எல்ராய்

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதீர்கள். படித்துவிட்டிருந்தால் ஒரு வரியையும் நம்பாதீர்கள். தபால் தலை எடுக்க உள்ளே போன நேரத்தில் டார்லீன் மேசையில் இருந்த கடிதத்தைப் படித்துவிட்டாள். நான் வந்தபோது கடைசிப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வறண்டுதான் இருந்துச்சுன்னு மறுபடியும் எழுதியிருக்க" என்றாள். உண்மையைத்தானே எழுதணும் என்றேன். அதற்கு அவள், "எழுது. ஆனா அத யாரு பேர்ல எழுதணும்னு தெரிஞ்சு எழுது. அன்னிக்கு அந்தக் கறிய வெச்சது நான்" என்றாள்.

அப்புறம் அவள் சொன்னதை நின்றபடியே கேட்டேன், மச்சான். விடிகாலையில் உங்க சிவப்புப் பசு கன்று ஈன முடியாமல் தவித்ததையும், நீங்க கொட்டகைக்கு ஓடினதையும், அஞ்சு மணியிலிருந்து அவள்தான் தனியா நெருப்புக்கிட்ட நின்னதையும், பதினைந்து வருஷமா உங்க பக்கத்துல நின்னு கத்துக்கிட்டு, முதல் முறையா முழுசா தன் கையால வெச்சதையும் சொன்னாள். நீங்க தொண்டையைச் செருமினது அதைச் சொல்லத்தானாம். "எல்லாரும் கேளுங்க, இன்னிக்குக் கறி என் தங்கச்சி வெச்சது"ன்னு சொல்ல வாயெடுத்தீங்க, அதுக்குள்ள நான் சாஸ் கேட்டுட்டேன். உள்ளே போய் அவள் உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டாளாம், சொல்லிடாத, என் பேர் வேணாம்னு. நீங்க சொல்லலை. முப்பது பேர் முன்னால அந்தக் கெட்ட பேரை நீங்க வாங்கிக்கிட்டீங்க. என் குரலைக் கேட்டா எங்கே வாய்விட்டுச் சொல்லிடுவோமோன்னுதான் நீங்க இரண்டு வருஷமா போனை எடுக்கலைன்னு இப்பத்தான் தெரியுது. நான் உங்களைத்தான் ரோஷக்காரர்னு ஊர் பூரா சொல்லிக்கிட்டு இருந்தேன்.

என்னை மன்னிச்சிடு டார்லீன் என்றேன். பாதி இல்லை, முழுசா. "இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். "நீ ஒரு தடவை அந்த நெருப்புகிட்ட நிக்கணும்னு இருந்தேன்" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பெரிய மதிப்பீட்டாளன், கூடவே இருந்த சேதம் என் கண்ணில் படவில்லை.

பிறந்த நாளுக்கு அவளேதான் சமைக்கிறாள். என் அடுப்பிலேயே சமைப்பாளாம், அடுப்பில் ஒரு குறையும் இல்லையாம், நடுத்தரமானது வேறு ஏதோ என்றாள். எனக்கு விறகு பிளக்கிற வேலை. ட்ரெய்லர் வேண்டாம், நீங்க மட்டும் வாங்க. அந்த முப்பது பேரையும் கூட்டிக்கொண்டு வாங்க. அன்னிக்கு நீங்க சொல்ல வந்ததை இந்தத் தடவை நான் எழுந்து நின்று சொல்லணும். சொல்லி முடித்ததும் என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்க. சாப்பிடும்போது நான் வேறு எதற்காவது வாயைத் திறந்தால், மேசைக்குக் கீழே என் காலை நன்றாக மிதிக்கவும்.